சுடாத கால்

1

என் இடது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே, எட்டணா அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. இந்த ஆடியோடு அதற்கு ஒரு வயது நிறைகிறது. பாரீஸ் மாநகரில் பிறந்தநாள் கொண்டாடும் ஒரே தழும்பு இதுவாகத்தான் இருக்க வேண்டும். காலையிலேயே எழுந்து கேசரி கிளறிவிட்டேன்.

"தழும்புக்கா கேசரி?" என்றாள் மலர். என் மகள். பன்னிரண்டு வயது. பாதியைப் பிரெஞ்சிலும் மீதியைத் தோள் குலுக்கலிலும் பேசுகிறவள். "மமோன், இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். முந்திரி மட்டும் மூன்றாவது தடவையும் கேட்டாள்.

ஊரில் இருக்கும் நீங்கள் இந்தத் தழும்பின் கதையை அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். கோட்டுச்சேரி பஸ்ஸில் ஒரு மாதிரியாகவும் காரைக்கால் கடைத்தெருவில் வேறு மாதிரியாகவும் ஓடுகிறதாம். "பாரீஸ்காரி தீக்குழியில் இறங்கிவிட்டு ஊரே அதிரக் கத்தினாள்" என்பது வரைக்கும் எல்லாம் சரி. ஏன் கத்தினாள், கத்திவிட்டு ஏன் சிரித்தாள் என்பதைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

2

நான் கமலா. ஊரில் வேதியியல் படித்து, கல்யாணமாகி, எழுபதுகளின் நடுவில் இங்கே வந்தேன். என் மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் என் கணவருக்கும், அவர் வழியில் எனக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. என் படிப்பை இங்கே யாரும் மதிக்காததால் மறுபடி ஒரு பட்டயம் படித்து, ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துணுக்கை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவது என் வேலை. மெத்ரோ ரயிலில் போய் மெத்ரோவில் வருவேன். மழை பெய்தால் மழை, பெய்யாவிட்டால் பெய்யப்போகும் மழை. பாரீஸ் வாழ்க்கை அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் போர்த்துக்கீசியர் ஒருவர் வந்தார். கொத்தனார். நாற்பதைத் தொடாத வயது. கால் மரத்துப்போய் நடை தள்ளாடியது. கணுக்காலிலிருந்து நரம்பின் ஒரு துணுக்கை எடுத்திருந்தார்கள். நர்ஸ் எடுத்த ரத்தக் குப்பியை வாங்க நான் போனபோது அவர் சொன்னார்: "வேலையிடத்தில் கொதிக்கிற தாரை மிதித்துவிட்டேன், மதாம். கருகின நாற்றம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். என் அம்மாவுக்கும் இப்படித்தான். எங்கள் மீனவர் ஊரில் இது பல வீட்டில் உண்டு."

கருகின நாற்றம். இதை நான் எங்கே முகர்ந்திருக்கிறேன்?

அந்த நரம்புத் துணுக்குக்குக் காங்கோ சிவப்பு என்ற சாயத்தை ஏற்றினேன். எங்கள் பிரிவின் தலைவி மதாம் சொலாஞ்ஜ் அதை நுண்ணோக்கியில் வைத்து, ஒளியை ஒரே திசையில் வடிகட்டும் கண்ணாடியைத் திருப்பினார். "கமலா, ஓடி வா!" என்று கத்தினார். ஐம்பது வயதுப் பெண்மணி, சின்னப் பிள்ளைபோலக் குதித்தார். எட்டிப் பார்த்தேன். சிவப்பாக இருந்த இடமெல்லாம் கிளிப்பச்சையாக மின்னியது! நடவு முடிந்த நம் ஊர் வயலை யாரோ நரம்புக்குள் கொண்டுபோய் வைத்த மாதிரி அவ்வளவு அழகு. அந்த மனிதரைக் கொன்றுகொண்டிருப்பது அதுதான் என்பது அடுத்த நொடிதான் உறைத்தது.

மதாம் அன்று மதியச் சாப்பாட்டையே மறந்து எனக்கு விளக்கினார். நம் கல்லீரல் ஒரு புரதம் செய்கிறது. நூற்றுச் சொச்சம் மணிகள் கோத்த ஒரு சரம், தனக்கே உரிய விதத்தில் மடிந்து ஓர் உருவம் பெறுகிறது. அப்படி நான்கு சேர்ந்தால்தான் அதற்கு வேலை. ரத்தத்தில் சில சத்துகளைச் சுமந்து போவதுதான் அந்த வேலை. நான் உடனே, "சாமி பல்லக்குத் தூக்குகிற நாலு பேர்" என்றேன். அதை அவருக்குப் புரியவைக்கக் கால் மணி ஆயிற்று. புரிந்ததும் அவருக்கும் பிடித்துப்போயிற்று. இந்த நோய் உள்ள குடும்பங்களில் முப்பதாவது மணி மட்டும் மாறியிருக்கிறது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை, அவ்வளவுதான். ஒருவன் தோளில் சின்னதாக ஒரு கோணல், அதனால் நாலு பேரும் பிரிந்துபோகிறார்கள் போலிருக்கிறது என்றார் மதாம். பிரிந்தவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. உருக்குலைந்து, ஒருவர்மேல் ஒருவர் இழை இழையாக அடுக்கிக்கொண்டு நரம்புச் சந்தில் கிடந்துவிடுகிறார்கள். உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போகிற நரம்பு. அதனால்தான் முதலில் பாதம் போகிறது, அதிலும் சூடும் வலியும் முதலில் போகின்றன.

"சூடு முதலிலா?" என்றேன்.

"ஆமாம், சூடும் குளிரும்தான் முதலில்."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என் அப்பாவைப் பற்றி இத்தனை வருஷமாக யாராலும் சொல்ல முடியாததை, அவரைக் கண்ணால் பார்க்காத ஒரு பெண்மணி சொல்லிவிட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரே ஓர் எழுத்து!

3

எங்கள் கிராமம் அம்பகரத்தூர் போகிற பஸ் பாதையில் இருக்கிறது. ஆடியில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி. பூசாரி கரகத்தோடு இறங்கியதும் அடுத்த கால் எங்கள் வீட்டுக் கால்தான். பல தலைமுறையாக அப்படித்தான். அதன் பிறகே மற்றவர்கள் இறங்குவார்கள். எங்கள் வீட்டுக் கால் படாத தீயில் இறங்கினால் கொப்பளிக்கும் என்று ஊருக்கு நம்பிக்கை.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. அப்பா தீக்குழியில் நடப்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மற்றவர்கள் ஓடுவார்கள். அப்பா வரப்பில் நடப்பதுபோல் நிதானமாக நடப்பார். நடுவில் நின்று கும்பிடுவார். "அவங்க வூட்டு காலை அம்மா குளுமை பண்ணி வச்சிருக்கா" என்று பெண்கள் குலவையிடுவார்கள். வீட்டுக்கு வந்து அப்பா கால் நீட்டி உட்காரும்போது எங்களுக்குக் கருகின நாற்றம் வரும். எங்கள் அம்மா வாழைச்சாறு தடவுவாள். "வலிக்குதாப்பா?" என்று கேட்டால் சிரிப்பார்.

பிறகு வந்ததை ஊர் பேசுவதில்லை. கால் புண் ஆறவில்லை. கைவிரலும் மரத்தது. எழுந்து நின்றால் மயங்கி விழுந்தார். என்ன சாப்பிட்டாலும் உடம்பில் தங்காமல் எலும்பாகப் போனார். மரத்த கால், ஆறாத புண் என்றால் அந்தக் காலத்தில் எந்த வைத்தியரும் ஒரே பெயரைத்தான் சொல்வார். குஷ்டம் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அப்பா தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்துக்கொண்டு கொல்லைக் கொட்டகைக்குப் போய்விட்டார். எங்களைத் தொடாமலே செத்துப்போனார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

கொட்டகையும் தீக்குழியும் ஒரே நோயின் இரண்டு முகம் என்று அப்போது யாருக்குத் தெரியும்? அம்மன் கொடுத்த வரம் தனி, விதி கொடுத்த வியாதி தனி என்றே நாங்கள் எல்லோரும் பிரித்து வைத்திருந்தோம்.

4

மதாம் என் ரத்தத்தையும் பார்க்கலாம் என்றார். மரபணுவை வெட்டுகிற ஒரு நொதி வந்திருக்கிறதாம். அந்த ஓர் எழுத்து மாறியிருந்தால் அந்த இடத்தில் கத்தரிக்கும், மாறவில்லை என்றால் தொடாமல் போகும். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவுக்கு இருந்ததால் எனக்குப் பாதி. எனக்கு இருந்தால் மலருக்குப் பாதி. "நாளைக்குத் தருகிறேன்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "எனக்கு எந்தப் பாதி வரும்? மேலா, கீழா?" அவளுக்கு அது பூவா தலையா போடுவதுபோல என்று விளக்கினேன். விளக்கி முடித்துக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்படியே நாளைக் கடத்தியிருப்பேன். ஆனிக் கடைசியில் ராஜேந்திரன் அண்ணன் போன் செய்தார். அப்பாவுக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கால் அண்ணனுடையது. ஆனால் அண்ணனுக்குச் சுடும். ஒவ்வொரு வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி, பிறகு ஒரு வாரம் நொண்டுவார். ஊரில் கேலிப் பேச்சு உண்டு. காரைக்கால் தபால் ஆபீசில் ட்ரங்க் கால் பதிவு செய்து, மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் குறுக்கிடும் ஆபரேட்டருக்கு நடுவில் கத்தினார்:

"கமலா! ஒனக்கு ஒரு சந்தோசமான சேதி! போன வருசம் தீயில எறங்குனேன் பாரு, சுடவே இல்ல புள்ள! வெந்நீரு ஊத்துனாலும் தெரியல! அப்பா மாதிரியே எனக்கும் வந்துருச்சு! இந்த வருசம் நடுக்குழியில நின்னு கும்புடப் போறேன்!"

அண்ணன் குரலில் அவ்வளவு குதூகலத்தை நான் கேட்டதே இல்லை. என்ன சொல்வது? பல்லக்குக் கதையை மூன்று நிமிஷத்தில் சொல்ல முடியுமா? "அண்ணே, நான் வரேன். நான் வர்ற வரைக்கும் செருப்பு போடாம நடக்காத" என்று மட்டும் கத்தினேன்.

"செருப்பா? எதுக்கு?" என்றபோது லைன் அறுந்துவிட்டது.

5

என் ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டும். பிறந்தது காரைக்கால் என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, "அங்கே போகக் காரணம்?" என்று கேட்டார் அதிகாரி. "தீமிதி" என்று உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் அங்கேயே நின்றிருப்பேன். "சுற்றுலா" என்றேன். மலர் வரமாட்டேன் என்று தன் அப்பாவோடு இருந்துகொண்டாள். நான் மட்டும் காலி ரத்தக் குப்பிகளோடும், மதாம் முத்திரை குத்திக் கொடுத்த ஒரு காகிதத்தோடும் வந்து இறங்கினேன்.

அண்ணன் மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாக இருந்தார். சரோஜா அண்ணி காபி கொடுத்த இரண்டு தம்ளரையும் கழுவி, ஒன்றில் வெந்நீரும் ஒன்றில் பானைத் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன். அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி, தம்ளர் அடியைப் பாதத்தில் மாற்றி மாற்றி வைத்தேன்.

"எது சூடு, சொல்லு."

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு. வெளையாடுறியா?"

முழங்காலில் வைத்தேன். "அய்யோ, சுடுது!" என்று துள்ளினார். பாதத்தைத் தூக்கிப் பார்த்த அண்ணிதான் முதலில் அலறினார். குதிகாலில் ஒரு கருவேல முள் முழுசாகப் புதைந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது.

"என்னாங்க இது! இந்த முள்ளோடவா வயலுக்குப் போயிட்டு வர்றீங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பல்லக்கு, தோள் கோணல், நரம்புச் சந்து, போர்த்துக்கீசியர் மிதித்த தார். அண்ணன் முகம் சிவந்தது. "அம்மா குடுத்தத நீ வியாதிங்கிற. பாரீசுக்குப் போனா சாமியும் மறந்துருமா? இந்தக் காலு இல்லாட்டி இந்த ஊர்ல நமக்கு என்னா இருக்கு, சொல்லு!"

"அண்ணே, இந்தப் புண்ணோட இந்த வருசம் நின்னு கும்புட்டின்னா, அடுத்த வருசம் நிக்கறதுக்கு காலே இருக்காது. அப்பா காலும் இதேதான். அவருக்கு வந்ததும் வரமில்ல, இதுதான்."

அண்ணன் பாதத்தைத் திருப்பி அந்த முள்ளைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "அப்ப அப்பாவுக்குக் குஷ்டம் இல்லையா?"

"இல்லண்ணே."

"ஒட்டிக்காதா?"

"ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டுல தின்னாலும் ஒட்டாது. பொறப்புல வர்றது மட்டும்தான்."

அண்ணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "அதானா ஒரு வருசமா தட்ட நீங்களே கழுவித் தனியா வச்சீங்க? அதானா பசங்கள மடியில ஒக்கார வுடல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊருக்கு வரம் என்று முழங்கிய மனிதர், உள்ளுக்குள் கொட்டகையை நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்! போனில் கேட்ட அந்தக் குதூகலம் பாதி பயம். இதற்கு மருந்து இன்னும் இல்லை என்றும் சொன்னேன், மறைக்கவில்லை. அண்ணன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. தெருவில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பையன்களையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு தொடையில் உட்கார வைத்துக்கொண்டார். காப்புக் கட்டிய கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

6

சரி, அண்ணன் இறங்கமாட்டார். அப்படியானால் எங்கள் வீட்டுக் கால்? அது படாமல் ஊர் இறங்காது. பையன்கள் பொடிசு. அண்ணன் நேராகப் பூசாரியிடம் போனார். நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"சாமி, எனக்குக் காலு மரத்துப் போச்சு. தீக்குழியும் ஒண்ணுதான், நெல்லு காயிற களமும் ஒண்ணுதான். சுடாதவன் நடந்து அம்மாவுக்கு என்னா ஆவப்போவுது? சுடுறவன் நடந்தாத்தான் அது வேண்டுதல்."

"அப்ப ஒங்க வூட்டு காலு?" என்றார் பூசாரி.

அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கட்டிக் குடுத்த பொண்ணு வேற வூடுல்ல?" என்று ஒரு பெரியவர் இழுத்தார்.

"வேற வூடுன்னு அப்பா வியாதி அவள வுட்டுருமா? ரத்தம் கல்யாணப் பத்திரிகையெல்லாம் பாக்காதுங்க" என்றார் அண்ணன். ஒரே ராத்திரியில் மதாம் சொலாஞ்ஜையே மிஞ்சிவிட்டார். பூசாரி யோசித்தார். "மஞ்சத்துணி கட்டிக்கிட்டு ஒரு வேளை பட்டினி கெடக்கட்டும். அம்மா கோவிச்சுக்க மாட்டா" என்று என் கையில் காப்பைக் கட்டிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் பம்பை அதிர, கரகம் இறங்கிப் போயிற்று. அடுத்தது நான். குழியின் ஓரத்தில் நிற்கும்போதே முகம் காந்தியது. என் மனதில் பக்தி பாதி, வேதியியல் பாதி. எனக்கும் அது இருக்குமோ? சுடாமல் போய்விடுமோ? ஊர் முழுக்க அமைதியாகிவிட்டது. எங்கள் வீட்டுக் கால் நிதானமாக நடக்கும் அல்லவா, அதைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

வலது காலை வைத்தேன். இடது காலை வைத்தேன்.

"அய்யய்யோ! சுடுதே! அம்மாடி, சுடுதே!"

எங்கள் வம்சத்திலேயே யாரும் அப்படிக் கத்தியிருக்கமாட்டார்கள். நிதானமாவது, கும்பிடாவது! புடவையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமெடுத்து, எதிர்ப்பக்கப் பால்குழியில் தொப்பென்று விழுந்தேன். ஒரு கங்கு இடது காலில் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. நான் பால் சேற்றில் உட்கார்ந்து சிரித்தேன். அண்ணன் குழியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார், காலில் புதுச் செருப்போடு. கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "சுடுது! என் தங்கச்சிக்குச் சுடுதுங்க!"

ஏன் இந்த மனிதர் ஆனந்தப்படுகிறார் என்று ஊருக்குப் புரியவில்லை. ஆனாலும் குலவை கிளம்பிவிட்டது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

7

கிளம்புகிற நாள் காலையில் நர்ஸ் ஒருத்தர் வந்து அண்ணனிடம் ரத்தம் எடுத்துக் கொடுத்தார். குப்பியைக் குளிராக வைக்க வேண்டும். கிளிஞ்சல்மேட்டு மீனவர்கள் படகுக்குப் போடுகிற ஐஸை உடைத்து பிளாஸ்க்கில் போட்டுத் தந்தார்கள். பாரீஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி மூடியைத் திறந்தார், மூக்கைப் பொத்தினார்.

"மீனா, மதாம்?"

"இல்லை, மிஸ்யூ. என் அண்ணன்."

அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மதாமின் முத்திரையை மூன்று பேர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் மீன் வாடைக்குப் பயந்துதான் விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தத் தடவை நாளைக்கு என்று சொல்லவில்லை. கட்டுப் போட்ட காலோடு நேராகப் போய், அண்ணன் குப்பிக்குப் பக்கத்தில் என் குப்பியையும் வைத்தேன். சுட்டது சாட்சியாகாது என்று எனக்குத் தெரியும். இந்த நோய் சிலருக்குத் தாமதமாகத்தான் தலைகாட்டும்.

சில வாரம் கழித்து மதாம் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். அண்ணன் ரத்தத்தில் அந்த நொதி கத்தரித்திருக்கிறது. என் ரத்தத்தில் தொடவே இல்லை. எனக்கு இல்லை. அதனால் மலருக்கும் வழியில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும், "அப்போ எனக்கு எந்தப் பாதியும் இல்லையா?" என்று கேட்டவள், தோளைக் குலுக்காமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே அப்பாவுக்குப் பிறந்து, ஒரே கூரையில் வளர்ந்து, பூவா தலையாவில் நான் தப்பித்து அண்ணன் மாட்டிக்கொண்டதை எந்த வாயால் சொல்வது? ட்ரங்க் கால் கிடைக்கும்வரை வாக்கியம் வாக்கியமாக ஒத்திகை பார்த்தேன். லைன் கிடைத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. அவருக்கு இருப்பதை முதலில் சொன்னேன். "தெரியும். செருப்பில்லாம எறங்கறதே இல்ல. தெனமும் ஒங்க அண்ணி காலப் பாத்துத்தான் படுக்க வுடுறா" என்றார். பையன்கள் ரத்தத்தையும் பார்க்கலாமா என்று கேட்டேன். "பெருசாயி அவனுங்களா கேக்கட்டும், பாத்துக்கலாம். இப்ப வெந்நீர்ல கால வச்சா ரெண்டும் அலறுதுங்க, எனக்கு அது போதும்" என்றார்.

அப்புறம், "அண்ணே, எனக்கு இல்லையாம்" என்றேன். மன்னிப்புக் கேட்பது போலத்தான் இருந்திருக்கும்.

அந்தப் பக்கத்தில் அண்ணன் சிரித்தார். அப்பா கால் நீட்டி உட்கார்ந்து சிரிப்பாரே, அதே சிரிப்பு.

"இதச் சொல்லவா இம்புட்டு செலவு பண்ணி போன் போட்ட? அது அன்னைக்கே தெரியுமே, புள்ள. நீ கத்துனது ஊருக்கே கேட்டுச்சே."